பிரான்சிஸ்கன் கர்தினால் ஒருவரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி

கர்தினால் ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னால் நம்மில் பலர் எழுதிக் கொடுப்பது ஓர் ஏணி. இந்த ஆண்டு பிறந்தார், இந்த ஆண்டு குருவானார், ஆயரானார், பேராயரானார், சிவப்புத் தொப்பி பெற்றார், ஓய்வு பெற்றார், அவ்வளவுதான். பங்கு மலருக்கோ கலைக்களஞ்சியப் பதிவுக்கோ அது போதும் என்று தோன்றும். துறவற சபை எதிலும் சேராமல் மறைமாவட்டக் குருவாக இருந்து கர்தினால் ஆனவருக்கு ஓரளவு போதும்கூட. ஆனால் அவர் ஒரு பிரான்சிஸ்கன் துறவி என்றால் அந்த ஏணியில் அவர் பாதிதான் தெரிவார், ஏனென்றால் எனக்கென்று எதையும் சொந்தமாக வைத்துக்கொள்ள மாட்டேன் என்று இருபது வயதை ஒட்டி கடவுள் முன்னால் வாக்குக் கொடுத்த ஒருவரிடம், அறுபது வயதை ஒட்டி ஒரு மாளிகையின் சாவியைக் கொடுக்கிறார்கள். அந்தச் சாவியை அவர் என்ன செய்தார் என்று சொல்வதற்குத்தான் நீங்கள் எழுதவே உட்கார வேண்டும்.

அதனால் வேலையைத் தொடங்கும் முன்பே மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பதவியில் இருந்தபோது எங்கே குடியிருந்தார்? கையில் வந்த வீட்டையும் பணத்தையும் என்ன செய்தார்? யாருடைய பேச்சை உட்கார்ந்து கேட்டார்? ஒவ்வொரு பதவிக்கும் இந்த மூன்றையும் கேட்டுப் பதில் தேடினால் கட்டுரை தானாக உயிர் பிடிக்கும். பதில் சங்கடமாக இருந்தாலும் எழுதுங்கள், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வெறுமனே விதிகளைச் சொல்லிக்கொண்டு போனால் பயனில்லை என்பதால், ஒருவரை எடுத்துக்கொண்டு அவர் வழியாகவே காட்டுகிறேன். பாஸ்டன் உயர்மறைமாவட்டத்தின் பேராயராக 2003 முதல் 2024 வரை இருந்த கர்தினால் ஷான் பேட்ரிக் ஓமாலி. இவரைத் தேர்ந்தெடுக்கக் காரணம், இவர் வாழ்க்கையில் மேலே சொன்ன மூன்று கேள்விகளுக்கும் பதில் பொதுவெளியிலேயே கிடைக்கிறது, பெருமைக்குரிய பதிலும் வலிக்கிற பதிலும் சேர்ந்தே கிடைக்கிறது.

பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகள்

முதலில் பார்க்க வேண்டியது பெயரின் கடைசியில் உள்ள சுருக்கெழுத்து. அசிசி நகரத்து பிரான்சிஸ் தொடங்கிய சகோதரர் கூட்டத்திற்குத் திருத்தந்தை மூன்றாம் இன்னசென்ட் 1209இல் வாய்மொழியாக ஒப்புதல் தந்தார், 1223 நவம்பர் 29 அன்று மூன்றாம் ஒனோரியுஸ் எழுத்து வடிவிலான ஒழுங்கை உறுதிசெய்தார். ஏழ்மையை எவ்வளவு கடுமையாகக் கடைப்பிடிப்பது என்பதில் சகோதரர்களுக்குள் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை. கடைசியில் 1517இல் பத்தாம் லியோ அவர்களை இரண்டாகப் பிரித்தார், 1528இல் கப்புச்சின் சீர்திருத்தம் தனிக் கிளையாக ஒப்புதல் பெற்றது. இதனால்தான் இன்றும் மூன்று வகை எழுத்துகளைப் பார்க்கிறோம். ஓ.எஃப்.எம். என்று மட்டும் இருந்தால் அவர் சிறிய சகோதரர்கள் சபை. ஓ.எஃப்.எம். கன்வ். என்றால் கன்வென்சுவல், சாம்பல் அல்லது கறுப்பு அங்கி. ஓ.எஃப்.எம். கப். என்றால் கப்புச்சின், பழுப்பு அங்கியும் நீண்ட கூம்புத் தலைமறைப்பும், பலருக்குத் தாடியும். மூவருக்கும் இடுப்பில் மூன்று முடிச்சுப் போட்ட வெள்ளைக் கயிறு பொது. அந்த முடிச்சுகள் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல்.

கட்டுரையில் வெறுமனே "பிரான்சிஸ்கன்" என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள், எந்தக் கிளை என்று சொல்லுங்கள். எருசலேமின் இலத்தீன் முதுபெரும் தந்தை பீயெர்பத்திஸ்தா பிட்சபாலா ஓ.எஃப்.எம்., வத்திக்கான் புனித பேதுரு பேராலயத்தின் தலைமைக்குரு மவுரோ கம்பெத்தி கன்வென்சுவல், கின்ஷாசா பேராயர் ஃப்ரிதோலின் அம்போங்கோ கப்புச்சின். ஓமாலியும் கப்புச்சின்தான்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். 2013 முதல் 2025 வரை திருத்தந்தையாக இருந்த பிரான்சிஸ் பிரான்சிஸ்கன் அல்ல, இயேசு சபைத் துறவி. ஆனால் அவர் பெயரில் ஒரு பிரான்சிஸ்கன் கர்தினாலின் கை இருக்கிறது. 2013இல் திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கக் கர்தினால்மார் கூடிய கான்கிளேவில் அவர் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் பிரேசிலின் கிளவுதியோ ஹூம்மெஸ், ஓ.எஃப்.எம். வாக்குகள் தேவையான எண்ணிக்கையைத் தொட்டதும் ஹூம்மெஸ் அவரைக் கட்டியணைத்து முத்தமிட்டு, ஏழைகளை மறந்துவிடாதீர்கள் என்றார், அந்தச் சொல்லிலிருந்துதான் அசிசியாரின் பெயர் நெஞ்சில் வந்தது என்று திருத்தந்தையே சில நாள் கழித்துப் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். ஹூம்மெஸின் வாழ்க்கையை எழுதுகிறவர் அவர் வகித்த பதவிகளையெல்லாம் இரண்டு வரியில் முடித்துவிட்டு இந்த ஒரு நிமிடத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கலாம், அதில் தவறே இல்லை.

பெயரும் தேதியும்

துறவிகளுக்குப் பல சமயம் இரண்டு பெயர்கள் இருக்கும். ஓமாலி 1944 ஜூன் 29 அன்று ஒஹையோ மாநிலத்தின் லேக்வுட் நகரில் பிறந்தபோது பேட்ரிக். ஷான் என்பது துறவறத்தில் எடுத்த பெயர், யோவான் என்பதன் ஐரிஷ் வடிவம், யோவான் திருத்தூதர் நினைவாக. 13ஆம் நூற்றாண்டின் பிரான்சிஸ்கன் கர்தினால் புனித பொனவெந்தூராவின் இயற்பெயரும் ஜொவான்னிதான். எந்தப் பெயர் எப்போது வந்தது என்று ஒரு வரி போட்டுவிட்டால் பழைய ஆவணத்தையும் புதிய செய்தியையும் சேர்த்துப் படிக்கிற வாசகர் குழம்ப மாட்டார். ஓமாலியை பாஸ்டனில் பலரும் "கர்தினால் ஷான்" என்றே கூப்பிட்டார்கள், குடும்பப் பெயரைவிட சகோதரர் என்ற முறையில் முதற்பெயரால் அழைப்பது கப்புச்சின்களின் வழக்கம். இப்படிச் சின்ன விஷயத்திலும் துறவறம் எட்டிப் பார்க்கும், விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் தேதிகள். மறைமாவட்டக் குருவுக்கு முக்கியமான முதல் தேதி குருப்பட்டம். துறவிக்கு அதற்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது, வார்த்தைப்பாடு, அதாவது துறவற வாக்கு, கொடுத்த நாள். பல வாழ்க்கைக் குறிப்புகளில் இதை விட்டுவிடுகிறார்கள், எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது, ஏனென்றால் குருப்பட்டமே பெறாத பிரான்சிஸ்கன்கள் ஆயிரக்கணக்கில் உண்டு, ஆனால் வார்த்தைப்பாடு கொடுக்காத பிரான்சிஸ்கன் துறவி கிடையாது. அசிசியாரே குருவல்ல, திருத்தொண்டர் நிலையோடு நின்றவர் என்பது மரபு. ஓமாலி வார்த்தைப்பாடு கொடுத்தது 1965 ஜூலை 14. குருப்பட்டம் 1970 ஆகஸ்ட் 29.

தேதியைக் குறித்தவுடன் அன்று என்ன திருநாள் என்று பாருங்கள், ஆனால் அந்த ஆண்டில் வழக்கில் இருந்த நாள்காட்டியை வைத்துப் பாருங்கள். இன்றைய நாள்காட்டியில் ஜூலை 14 பொனவெந்தூராவின் நாளல்ல. 1969 சீர்திருத்தத்துக்கு முன்பு அது பொனவெந்தூராவின் திருநாள், அதாவது பிரான்சிஸ்கன் சபையின் பொதுத் தலைவராக இருந்து கர்தினாலான மிகப் பெரிய இறையியலாளரின் நாள். கர்தினாலாகப் போகிற ஓர் இளம் கப்புச்சின் 21 வயதில் அந்த நாளில் வாக்குக் கொடுத்தார் என்பதை வாசகர் தெரிந்துகொள்ளட்டும். அதற்குமேல் காரணம் கற்பிக்க வேண்டாம்.

பதவிக்கு முந்தைய ஆண்டுகளில் தங்குங்கள்

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1965இல் வார்த்தைப்பாடு, 1984இல் ஆயர். இடையில் 19 ஆண்டுகள் அவர் ஆயரல்ல, கப்புச்சின் சகோதரர், அவ்வளவே. பெரும்பாலான குறிப்புகள் இந்த 19 ஆண்டுகளுக்கு ஒன்றரை வரி தருகின்றன. நான் கட்டுரையின் கால்பங்கையாவது இங்கே செலவிடச் சொல்வேன், ஏனென்றால் பின்னால் அவர் செய்கிற எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான்.

ஓமாலி பென்சில்வேனியாவில் வளர்ந்தவர், கப்புச்சின்களின் சிறு குருமடத்தில் படித்துவிட்டு வாஷிங்டன் போனவர். அங்கே அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் சமயக் கல்வியில் முதுகலை, ஸ்பானிய-போர்த்துக்கீசிய இலக்கியத்தில் முனைவர் பட்டம். கொஞ்ச காலம் அதே பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். இது வரைக்கும் ஒரு பேராசிரியரின் பாதை. 1973இல் அது திரும்புகிறது. இலத்தீன் அமெரிக்காவிலிருந்து வாஷிங்டனுக்கு வந்த ஏழைக் குடியேறிகளுக்காக சென்ட்ரோ கத்தோலிக்கோ இஸ்பானோ என்ற மையத்தை நடத்தினார். சட்ட உதவி, மொழி வகுப்பு, மருத்துவம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். இலக்கியத்துக்காகக் கற்ற மொழி, ஆவணம் இல்லாமல் பயந்துகொண்டிருக்கிற ஒரு பாத்திரம் கழுவும் தொழிலாளியின் பேச்சைக் கேட்பதற்குப் பயன்பட்டது. 1978இல் வாஷிங்டன் உயர்மறைமாவட்டத்தில் ஸ்பானிய, போர்த்துக்கீசிய, ஹெய்ட்டி மக்களுக்கான ஆயர் பதிலாள், அதாவது அந்த மக்களுக்காக ஆயரின் சார்பில் பொறுப்பு வகிப்பவர், ஆனார்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், 2014 ஏப்ரல் 1 அன்று, அதாவது 41 ஆண்டுகள் கழித்து, இதே மனிதர் கர்தினாலாக அரிசோனாவின் நொகாலெஸ் நகரில் எல்லை வேலிக்கு அருகே திருப்பலி நிறைவேற்றி, இரும்புக் கம்பிகளின் இடைவெளி வழியாக மெக்சிகோ பக்கம் நின்றவர்களுக்கு நற்கருணை கொடுத்தார். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. 1973ஐ எழுதாமல் 2014ஐ மட்டும் எழுதினால் அது கேமராவுக்கான ஒரு நிகழ்ச்சி மாதிரித் தெரியும். இரண்டையும் எழுதினால் ஒரே மனிதர் தெரிவார். ஆகவே பிற்காலத்தில் புகழ்பெற்ற ஒரு செயலை எடுத்துக்கொண்டு, அதன் வேர் பதவிக்கு முந்தைய ஆண்டுகளில் எங்கே இருக்கிறது என்று பின்னோக்கித் தேடுங்கள்.

ஆயரானதும் என்ன மாறுகிறது

இங்கே கொஞ்சம் திருச்சபைச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் "ஆயரானதும் சபையை விட்டு வெளியேறினார்" என்று தவறாக எழுதிவிடுவோம். 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 705ஆம் எண் சொல்வது, ஆயரான துறவி தம் சபையின் உறுப்பினராகவே நீடிக்கிறார், ஆனால் கீழ்ப்படிதல் வார்த்தைப்பாட்டின்படி இனி திருத்தந்தைக்கு மட்டுமே கட்டுப்பட்டவர். சபையின் மாநிலத் தலைவர் இனி அவரை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாற்ற முடியாது. 706ஆம் எண் பணத்தைப் பற்றியது, வார்த்தைப்பாட்டால் சொத்துரிமையை இழந்தவர் ஆயரான பிறகு தமக்கு வருவதைப் பயன்படுத்தலாம், நிர்வகிக்கலாம், ஆனால் உரிமை மறைமாவட்டத்துக்குத்தான். அந்தக் கயிறு அவிழ்வதில்லை, பிடித்திருக்கும் கை மட்டும் மாறுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் துறவிகளிடம் இயல்பாக ஒரு தயக்கம் வரும். பொனவெந்தூரா 1265இல் இங்கிலாந்தின் யார்க் பேராயர் பதவியை வேண்டாம் என்று விலக்கியவர். உங்கள் கர்தினாலும் ஏதாவது பதவியை மறுத்தாரா, தயங்கினாரா என்று தேடுங்கள். கிடைத்தால் எழுதுங்கள். கிடைக்காவிட்டால் "பதவியை விரும்பாதவர்" என்று சும்மா எழுதிவிடாதீர்கள், துறவிகளைப் பற்றிய கட்டுரைகளில் ஆதாரமே இல்லாமல் திரும்பத் திரும்ப வருகிற வாக்கியம் அது.

ஓமாலியின் நான்கு மறைமாவட்டங்களை வரிசையாகப் பாருங்கள். 1984இல் அமெரிக்க வர்ஜின் தீவுகளின் செயின்ட் தாமஸ் மறைமாவட்டத்துக்கு இணை ஆயர், அடுத்த ஆண்டு ஆயர். 1989 செப்டம்பரில் ஹியூகோ புயல் செயின்ட் குரோய் தீவைப் புரட்டிப் போட்டபோது அவர்தான் அங்கே மேய்ப்பர். 1992இல் மாசசூசெட்ஸின் ஃபால் ரிவர், அங்கே ஒரு முன்னாள் குரு சிறாரைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கியது வெளியே வந்து மறைமாவட்டமே நொறுங்கியிருந்த நேரம். 2002இல் ஃபுளோரிடாவின் பாம் பீச், அங்கே அவருக்கு முந்தைய இரண்டு ஆயர்களும் அதே குற்றத்தை ஒப்புக்கொண்டு பதவி விலகியவர்கள். 2003இல் பாஸ்டன். ஏணி என்று பார்த்தால் சிறிய ஊரிலிருந்து பெரிய ஊர். ஆனால் வரிசையை இன்னொரு முறை படித்தால், கடைசி மூன்றும் காயம்பட்ட இடங்கள், ஒவ்வொரு முறையும் வேறொருவர் உடைத்ததை ஒட்டவைக்க அனுப்பப்பட்டிருக்கிறார். நான் எழுதினால் இந்த வரிசையைத்தான் கட்டுரையின் முதுகெலும்பாக வைப்பேன்.

பாஸ்டனும் அந்தச் சாவியும்

பாஸ்டன் குருக்கள் சிறாரைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கியதும் அது மறைக்கப்பட்டதும் பற்றி 2002 ஜனவரியில் நாளிதழ்ச் செய்திகள் வெடித்தன, அந்த டிசம்பரில் கர்தினால் பெர்னார்ட் லா பேராயர் பதவியிலிருந்து விலகினார். 2003 ஜூலை 30 அன்று ஓமாலி பொறுப்பேற்றார். செப்டம்பருக்குள், பாதிக்கப்பட்ட 500க்கும் மேற்பட்டவர்களுக்கு 8.5 கோடி டாலர் இழப்பீடு தர உடன்பாடு ஆனது. பணம்? அதற்குத்தான் மாளிகை. பிரைட்டன் பகுதியில் இருந்த பேராயர் இல்லத்தையும் சுற்றியிருந்த 43 ஏக்கரையும் 2004இல் ஏறத்தாழ 10 கோடி டாலருக்கு பாஸ்டன் கல்லூரிக்கு விற்க முடிவு செய்தார்கள். அவர் குடியிருந்தது நகரத்தின் சவுத் எண்ட் பகுதியில், திருச்சிலுவைப் பேராலயத்தை ஒட்டிய குருக்கள் இல்லத்தில். முதல் இரண்டு கேள்விகளுக்கும் இங்கே ஒரே பதில்.

இதோடு நிறுத்திவிட்டால் அழகான கதையாக இருக்கும், ஆனால் முழுக் கதை ஆகாது. அதே 2004இல் 357 பங்குகளில் 65ஐ மூடப்போவதாக அறிவித்தார். குருக்கள் பற்றாக்குறை, பணம், பராமரிக்க முடியாத பழைய கட்டடங்கள் என்று காரணங்கள் இருந்தன. ஆனால் பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்த கோவிலைப் பறிகொடுத்தவர்களுக்கு அந்தக் காரணங்கள் ஆறுதலாக இல்லை. சிட்சுவேட் என்ற ஊரில் மக்கள் தங்கள் ஆலயத்துக்குள் முறைபோட்டு இரவும் பகலும் தங்கினார்கள், 2004 அக்டோபர் முதல் 2016 மே வரை, 11 ஆண்டுகளுக்கு மேல். நாயகரிடம் உங்களுக்கு எவ்வளவு மதிப்பு இருந்தாலும் இந்த மக்களுக்கு இரண்டு வரியாவது கொடுங்கள். மாளிகையை விற்றதும் ஆலயத்தை மூடியதும் ஒரே கைதான், வாசகர் இரண்டையும் பார்க்க வேண்டும்.

ஒப்பிட ஒரு நல்ல முன்னுதாரணம் பிரேசிலில் இருக்கிறது. சாவ் பாவுலோவின் கர்தினால் பாவுலோ எவரிஸ்தோ ஆர்ன்ஸ், ஓ.எஃப்.எம்., 1973இல் பேராயர் மாளிகையை விற்று, நகரின் விளிம்பில் ஏழைகள் வாழும் பகுதிகளில் சமூக மையங்கள் கட்டினார். இராணுவ ஆட்சியின் சிறையில் பத்திரிகையாளர் விளாதிமிர் எர்சோக் இறந்தபோது, 1975 அக்டோபர் 31 அன்று, தம் பேராலயத்தில் யூத ரபி ஒருவரோடும் பிராட்டஸ்டண்ட் போதகர் ஒருவரோடும் சேர்ந்து அஞ்சலி வழிபாடு நடத்தினார், படை சுற்றி நின்ற நேரத்தில். இரண்டு பிரான்சிஸ்கன் கர்தினால்மார், இரண்டு மாளிகைகள். ஒருவர் விற்றது ஏழைகளை நோக்கிப் போக, இன்னொருவர் விற்றது தம் திருச்சபையே காயப்படுத்தியவர்களுக்கு ஈடுகட்ட. உங்கள் நாயகரைத் தனியாக நிறுத்தாமல் இப்படி இன்னொருவரைப் பக்கத்தில் நிறுத்தினால் அவருடைய முகம் தெளிவாகத் தெரியும்.

சிவப்புத் தொப்பியைப் பற்றி எழுதும்போது

இங்கே மூன்று தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, அறிவித்த நாளைக் கர்தினாலான நாள் என்று எழுதுவது. ஓமாலியின் பெயரைத் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அறிவித்தது 2006 பிப்ரவரி 22, கர்தினால்கள் அவைக்கூட்டத்தில் அவரை உயர்த்தியது மார்ச் 24. இரண்டாவதுதான் கணக்கு. இன்னொன்று, கர்தினால் பட்டம் ஆயருக்கு மேலான ஒரு திருநிலை என்று நினைப்பது. திருநிலைகள் திருத்தொண்டர், குரு, ஆயர் என்ற மூன்றுதான், கர்தினால் என்பது திருத்தந்தை தரும் பொறுப்பு. மூன்றாவது, கர்தினால்-குரு, கர்தினால்-திருத்தொண்டர் என்று பார்த்துவிட்டு அவர் குரு மட்டும்தான், திருத்தொண்டர் மட்டும்தான் என்று புரிந்துகொள்வது. அவை பழைய ரோம் நகரக் குருகுலத்தின் வரிசைகள், ஒவ்வொரு கர்தினாலுக்கும் ரோமோடு ஓர் உறவு வேண்டும் என்பதற்காக அங்கே ஓர் ஆலயம் ஒதுக்குகிறார்கள். உலகின் மறைமாவட்டங்களை ஆள்பவர்கள் பெரும்பாலும் கர்தினால்-குரு. ஓமாலிக்குக் கிடைத்தது சாந்தா மரியா தெல்லா வித்தோரியா, பெர்னினி செதுக்கிய புனித தெரேசாவின் பரவசச் சிலை இருக்கிற ஆலயம்.

கர்தினால் ஆகிறவர் ஆயராகவும் திருப்பொழிவு பெற வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் திருத்தந்தை விலக்குத் தரலாம். 1980 முதல் திருத்தந்தை இல்லத்தின் மறையுரையாளராக இருந்த ரனியேரோ காந்தலமெஸ்ஸா 2020இல் கர்தினாலானபோது, கப்புச்சின் அங்கியோடே இறக்க விரும்புகிறேன் என்ற எண்ணத்தில் அந்த விலக்கைக் கேட்டுப் பெற்றார். அந்த மறையுரையாளர் பொறுப்பே 1743 முதல் கப்புச்சின்களுக்கு மட்டும் உரியது. அதே அவைக்கூட்டத்தில் கர்தினாலான கம்பெத்தி, அதற்கு ஆறு நாள் முன்பு அசிசியில் ஆயராகத் திருப்பொழிவு பெற்றார். இருவரும் பிரான்சிஸ் வழி வந்தவர்கள், இருவரும் வேறு வேறு வழியில் பதில் சொன்னார்கள், எது மேல் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல.

பொனவெந்தூராவின் கதை உங்களுக்கு எப்படியும் கண்ணில் படும். 1273இல் திருத்தந்தையின் தூதர்கள் கர்தினால் தொப்பியோடு வந்தபோது அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாராம், கை ஈரமாக இருக்கிறது, அந்த மரத்தில் மாட்டி வையுங்கள், வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்றாராம். எனக்கு மிகவும் பிடித்த கதை, ஆனால் மரபுக் கதை. "என்பார்கள்" என்ற சொல்லோடு மட்டும் பயன்படுத்துங்கள். அவர் கர்தினாலாக ஓராண்டுதான் வாழ்ந்தார், 1274 ஜூலை 15 அன்று லியோன் பொதுச்சங்கம் நடந்துகொண்டிருந்தபோதே இறந்துவிட்டார், இது வரலாறு.

யாருடைய பேச்சைக் கேட்டார்

மூன்றாவது கேள்வி மிகக் கடினமானது. 2013 ஏப்ரலில் திருத்தந்தை பிரான்சிஸ் தமக்கு ஆலோசனை சொல்ல எட்டு கர்தினால்மாரைத் தேர்ந்தெடுத்தபோது ஓமாலி அதில் ஒருவர். 2014 மார்ச்சில் சிறார் பாதுகாப்புக்கான ஆணையம் அமைந்தது, அவர் அதன் தலைவரானார். அதற்கு முன்பே, 2011 பிப்ரவரியில், டப்ளின் பேராலயத்தில் பேராயர் டயர்மிட் மார்ட்டினோடு சேர்ந்து பாதிக்கப்பட்டவர்களின் பாதங்களைக் கழுவியிருந்தார். 2018 ஜனவரியில், சிலி நாட்டில் பாதிக்கப்பட்டவர்களின் குற்றச்சாட்டை அவதூறு என்று திருத்தந்தை சொன்னபோது, அந்தச் சொற்கள் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பெரும் வேதனை தந்தன என்று ஓமாலி வெளிப்படையாகவே அறிக்கை விட்டார். தம்மைத் தேர்ந்தெடுத்த திருத்தந்தைக்கு எதிரே ஒரு கர்தினால் இப்படிப் பேசுவது அரிது. சில மாதங்களில் திருத்தந்தை சிலி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

அடுத்த பக்கத்தையும் எழுதுங்கள். ஆணையத்தில் இருந்த மேரி காலின்ஸ், தாமே சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர், வத்திக்கான் அலுவலகங்கள் ஒத்துழைக்கவில்லை என்று சொல்லி 2017 மார்ச்சில் விலகினார். பாலியல் குற்றச்சாட்டுக்கு ஆளான கர்தினால் மெக்காரிக்கைப் பற்றி ஒரு குரு 2015இல் அனுப்பிய கடிதம் ஓமாலியின் அலுவலகத்துக்கு வந்தும் உதவியாளர் மட்டத்திலேயே நின்றுவிட்டது என்பது 2018இல் வெளியானது, அதற்காக அவர் மன்னிப்புக் கேட்டார். கேட்பதற்கென்றே பேர் வாங்கிய மனிதரின் மேசைக்கு ஒரு கடிதம் போய்ச் சேரவில்லை. இதை விட்டுவிட்டு எழுதப்படும் வாழ்க்கை வரலாறு, பாதிக்கப்பட்டவர்களுக்கு இன்னொரு முறை கதவைச் சாத்துவதற்குச் சமம் என்பது என் எண்ணம். கடுமையான சொற்கள் எதுவும் தேவையில்லை, ஆண்டையும் நடந்ததையும் சரியாகச் சொன்னால் போதும்.

கடைசிப் பத்தி

முடிவில் இரண்டு வயதுகளைக் கவனியுங்கள். 75 வயதில் மறைமாவட்ட ஆயர் ஓய்வுக் கடிதம் தர வேண்டும், ஏற்பது திருத்தந்தையின் விருப்பம். 80 நிறைந்தால் கான்கிளேவில் வாக்கு இல்லை, இது திருத்தந்தை ஆறாம் பால் 1970இல் கொண்டுவந்தது. கர்தினால் பட்டம் மட்டும் வழக்கமாகச் சாகும்வரை இருக்கும், ஆகவே "முன்னாள் கர்தினால்" என்று எழுதாதீர்கள், "பாஸ்டனின் முன்னாள் பேராயர்" என்று எழுதுங்கள். ஓமாலிக்கு 2019இல் 75 ஆனது, ஆனால் ஓய்வு ஏற்கப்பட்டது 2024 ஆகஸ்ட் 5 அன்றுதான், ரிச்சர்ட் ஹென்னிங் அடுத்த பேராயரானார். 80 வயது அந்த ஜூனிலேயே முடிந்திருந்ததால், 2013 கான்கிளேவில் வாக்களித்த அவர் 2025 மே கான்கிளேவில் வாக்களித்த 133 பேரில் இல்லை. 2025 ஜூலையில் புதிய திருத்தந்தை பதினான்காம் லியோ சிறார் பாதுகாப்பு ஆணையத்தின் தலைவராக பிரெஞ்சுப் பேராயர் திபோ வெர்னியை நியமித்தார்.

எழுதி முடித்ததும் அவருடைய விருதுவாக்கை, அதாவது ஆயராகத் தேர்ந்துகொண்ட குறிக்கோள் வரியை, எடுத்து உங்கள் வரைவோடு சேர்த்து ஒரு தடவை படித்துப் பாருங்கள். ஓமாலியுடையது கானாவூர்த் திருமணத்தில் மரியா பணியாளர்களிடம் சொன்னது, அவர் உங்களுக்குச் சொல்வதையெல்லாம் செய்யுங்கள், யோவான் 2:5. நீங்கள் எழுதிய ஒவ்வொரு பத்தியையும் அந்த வரியின் பக்கத்தில் வைத்து, அவர் செய்ததும் செய்யாமல் விட்டதும் இரண்டும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள், செய்யாமல் விட்டது எங்கேயும் இல்லை என்றால் திரும்பப் போய் அந்த மூன்றாவது கேள்வியை மறுபடி கேளுங்கள்.